ஏழாவது எலும்பின் நுனி

பின்னாலிருந்து அந்த வேன் மோதியபோது எங்கள் கார் நின்றுகொண்டிருந்தது. ராயப்பன்பட்டியில் என் மச்சினர் மகளுக்குப் புதுநன்மை, மாதா கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பூசை முடிந்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, சின்னமனூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். என் மனைவிதான் ஓட்டினாள். அவளுக்குத் தோட்டக்கலைத் துறையில் வேலை. திராட்சைத் தோட்டம், வாழைத் தோட்டம் என்று தினமும் பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றுகிறவள் என்பதால், நாங்கள் எங்கே போனாலும் ஸ்டியரிங் அவள் கையில்தான். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வருவது என் வேலை.

உத்தமபாளையம் தாண்டியதும் ஒரு ஆட்டு மந்தை சாலையைக் கடந்தது. நிறுத்தினாள். கண்ணாடியைப் பார்த்தவள், "என்னங்க, இவன் நிக்க மாட்டான் போல இருக்கே" என்றாள். அதற்குள் வேன் இடித்துவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. தலை மட்டும் ஒருமுறை பின்னால் போய் முன்னால் வந்தது. வேனிலிருந்து தக்காளிப் பெட்டி ஒன்று சரிந்து, ஆடுகளுக்கு நடுவே தக்காளி உருண்டது. டிரைவர் பையன் ஓடிவந்து, "அக்கா, பிரேக்கு புடிக்கலக்கா, அடி கிடி படலையே?" என்று பதறினான். இருவரும் இறங்கிக் கை காலை ஆட்டிப் பார்த்துக்கொண்டோம். ஒன்றும் இல்லை. பின் பம்பர் மட்டும் உள்ளே போயிருந்தது. வீட்டுக்கு வந்து காப்பி போட்டுக் குடித்தோம்.

மறுநாள் காலையில் அவள் படுக்கையிலிருந்து எழ முடியாமல் என்னைக் கூப்பிட்டாள். கழுத்து எந்தப் பக்கமும் திரும்பவில்லை. என்னைப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்பினாள். எனக்கும் பிடரிக்குக் கீழே லேசாக ஒரு வலி. ஆனால் அதைச் சொல்லிக்கொள்கிற அளவுக்கு இல்லை. ஆட்டோ பிடித்து ஊரிலேயே இருக்கும் ஒரு சிறிய எலும்பு மருத்துவமனைக்குப் போனோம்.

டாக்டர் இளம் பெண். கம்பத்துக்காரர். அவர் பரிசோதித்த முறையே எனக்குப் பிடித்தது. முதலில் கேள்விகள். கை மரத்துப் போகிறதா, விரலில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதா, நடை தள்ளாடுகிறதா. பிறகு என் மனைவியின் கழுத்தெலும்புகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். கடைசியில் மெதுவாகத் தலையைத் திருப்பச் சொன்னார். அவளால் பாதிகூடத் திருப்ப முடியவில்லை.

"ரெண்டு பக்கமும் நல்லாத் திருப்ப முடிஞ்சிருந்தா எக்ஸ்ரேயே வேணாம்னு அனுப்பியிருப்பேன். இதுக்கு ஒண்ணு எடுத்துருவோம்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "சார், நீங்களும் அதே கார்லதான இருந்தீக?"

"ஆமா. எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். நான் துணைக்கு வந்தேன்."

"சும்மா ஒரு தடவ பாத்துருவோம்" என்று என் பிடரியிலும் விரலை வைத்தார். ஒவ்வொரு எலும்பாக இறங்கி வந்த விரல், சட்டைக் காலர் படுகிற இடத்துக்கு வந்ததும் நான் முகத்தைச் சுளித்தேன்.

"இங்கனயா?"

"அங்கனதான்."

சீட்டில் என் பெயரையும் எழுதினார்.

எக்ஸ்ரே பற்றி எத்தனையோ வருடமாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். கதிர் சதைக்குள் எளிதாகப் புகுந்துவிடும், சுண்ணாம்புச் சத்துள்ள எலும்பு அதைத் தடுத்துவிடும், ஆகவே எலும்பு வெள்ளையாகத் தெரியும். கரும்பலகையில் கை எலும்பு ஒன்றை வரைந்து காட்டுவேன். அவ்வளவுதான். என் உடம்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று அதுவரை நான் பார்த்ததே இல்லை. அதனால் டாக்டரின் கம்ப்யூட்டர் திரையில் படங்கள் வந்ததும், கேட்காமலே நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் அதற்குக் கோபப்படவில்லை.

முதலில் என் மனைவியின் படம். பக்கவாட்டில் எடுத்தது. மண்டையோட்டின் அடியிலிருந்து எலும்புகள் ஒன்றின் கீழ் ஒன்றாக, முன்பக்கம் மெல்ல வளைந்து இறங்கின.

"இதுல முறிவ எங்க தேடுவீங்க?" என்று கேட்டேன்.

"முறிவ முதல்ல தேட மாட்டேன் சார். படம் முழுசா இருக்கான்னு எண்ணுவேன். கழுத்துக்கு ஏழு எலும்பு. ஏழும் தெரியணும், அதுக்குக் கீழ முதுகோட முதல் முள்ளெலும்பு மேல் விளிம்பும் தெரியணும். தெரியாத எலும்புலதான் வம்பு இருக்கும்."

எண்ணினார். ஏழும் இருந்தன. பிறகு பேனாவின் பின்பக்கத்தால் திரையைத் தொடாமல் கோடுகள் வரைந்து காட்டினார். எலும்புகளின் முன் விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஒரு கோடு. பின் விளிம்பைத் தொட்டு இன்னொன்று. தண்டுவடம் போகும் குழாயின் பின்சுவரைத் தொட்டு மூன்றாவது. மூன்றும் வெட்டுப்படாமல் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். எங்காவது ஒரு படி மாதிரி இடறினால் அங்கே ஓர் எலும்பு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் எலும்புக்கு முன்னால் தொண்டைப் பக்கம் இருக்கும் சாம்பல் நிற நிழல். அது வீங்கித் தடித்திருந்தால், எலும்பு நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். நிழலைப் பார்த்து எலும்பின் சேதியைத் தெரிந்துகொள்வது எனக்குப் புதிதாக இருந்தது.

"மேடம் கழுத்து ரொம்ப அழகா இருக்கு. புத்தகத்துல போடலாம்" என்றார் டாக்டர்.

என் மனைவிக்கு அது பாராட்டாகப் படவில்லை. "அப்பறம் ஏன் டாக்டர் இப்புடி வலிக்குது?"

"இந்தப் படத்துக்கு எலும்பு மட்டுந்தான் தெரியும் மேடம். தசை, தசைநாரு, மூட்டைச் சுத்தி இருக்கிற ஜவ்வு, இதெல்லாம் இதுல விழாது. உங்களுக்கு அடிபட்டிருக்கது அதுலதான். வலி நெசம். படத்துல இல்லங்கிறதால வலி இல்லன்னு ஆயிராது."

அடுத்து என் படம். எண்ணினார். ஆறோடு நின்றுவிட்டது. ஏழாவது இருக்க வேண்டிய இடத்தை என் தோள்கள் வெள்ளையாக மறைத்திருந்தன. "தோளு அகலம் சார் உங்களுக்கு. இன்னொண்ணு எடுக்கணும்" என்று திரும்ப அனுப்பினார். இந்த முறை கழுத்தை ஆட்டாமல், இரண்டு கைகளையும் தரையை நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு நிற்பவனைப் போல.

இரண்டாவது படம் வந்தது. என் மனைவியின் கழுத்தில் இருந்த வளைவு என் கழுத்தில் இல்லை. அளவுகோல் வைத்தது போல நேராக நின்றது. எலும்புகளின் ஓரங்களில் சின்னச் சின்னக் கொக்கிகள் வேறு. நான் பயந்துவிட்டேன். டாக்டர் சாதாரணமாகச் சொன்னார்: "இந்தக் கொக்கியெல்லாம் நேத்து வந்ததில்ல சார். வயசுக்கு வர்றது. வலியே இல்லாத ஆளுக்கு எடுத்தாலும் இருக்கும். நேரா இருக்கதும் அப்படித்தான். தசை இறுக்கிப் பிடிச்சாலும் நேராகும், தாடையக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கிட்டு நின்னாலும் நேராகும். செல பேருக்கு இயற்கையே அதுதான்."

சொல்லிக்கொண்டே கீழே வந்தவர் பேச்சை நிறுத்தினார். படத்தைப் பெரிதாக்கினார். ஏழாவது எலும்பிலிருந்து பின்பக்கமாக நீண்டிருந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கழுத்தடியில் கை வைத்தால் மேடாகத் தட்டுப்படுமே, அந்த எலும்புதான். அதன் நுனி தனியாகக் கிடந்தது. நடுவில் ஒரு கறுப்புக் கீற்று. இயற்பியல் ஆசிரியருக்கு அது புரியாமல் போகுமா? வெள்ளைக்கு நடுவே கறுப்பு என்றால் அந்த இடத்தில் எலும்பு இல்லை.

"சார், கழுத்த ஆட்டாதீங்க" என்றார்.

துணைக்குப் போன என் கழுத்தில் காலர் பட்டை ஏறியது. நோயாளியாகப் போனவள் என் ஃபைலைப் பிடித்துக்கொண்டு, உடம்போடு திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தபடி ஆம்புலன்ஸில் கூட வந்தாள். தேனியில் ஸ்கேன் எடுக்க வேண்டும். அந்த நுனி மட்டும் உடைந்திருந்தால் பெரிய ஆபத்தில்லை, ஆனால் வேறெதுவும் சேர்ந்து உடைந்திருக்கக் கூடாது என்பது டாக்டரின் கவலை. வழியெல்லாம் என் மனைவி, "ஒண்ணும் இருக்காது, ஒண்ணும் இருக்காது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. எலும்பே உடைந்த எனக்கு இவ்வளவு கொஞ்சமாக வலிக்கிறது. ஒன்றுமே உடையாத இவளால் அசைய முடியவில்லை. இது எப்படி?

சாயங்காலம் ஸ்கேன் படங்களோடு சின்னமனூர் திரும்பி, டாக்டர் முன் மறுபடி உட்கார்ந்தோம். அவர் ஒன்றொன்றாக நகர்த்திப் பார்த்தார். அவர் முகத்தின் இறுக்கம் தளர்ந்ததைக் கண்டேன். எழுந்து வந்து தானே என் காலரைக் கழற்றினார்.

"உடஞ்சதுதான் சார். ஆனா நேத்து உடஞ்சதில்ல. பழசு."

"எவ்வளவு பழசு?"

"அத மட்டும் படம் சொல்லாது. இங்கன பாருங்க. இப்ப உடஞ்ச எலும்புன்னா விளிம்பு ஓட்டாஞ்சில்லு மாதிரி கூரா இருக்கும். உங்களுக்கு ஆத்துக்கல்லு மாதிரி வழுவழுன்னு உருண்டு, சுத்தி வெள்ளையா ஒரு கரை கட்டியிருக்கு பாருங்க. எலும்பு தன்னைத்தானே மூடிக்கிட்டது. அதுக்கு வருசக்கணக்கா ஆகும். நேத்து விழுந்த அடியில அந்த எடத்துச் சதை நொந்திருக்கு, அவ்வளவுதான்."

பிறகு ஆர்வமாகக் கேட்டார்: "நீங்க எப்பவாச்சும் மண்ணு அள்ளிருக்கீகளா சார்? இந்த முறிவுக்கே மண்ணள்ளுறவங்க முறிவுன்னுதான் பேரு. ஈரக் களிமண்ண மம்பட்டியில அள்ளி தலைக்கு மேல வீசுறப்போ, மண்ணு ஒட்டிக்கிட்டு வெடுக்குன்னு இழுக்கும். அந்த இழுப்புல தசை எலும்போட நுனியப் பிச்சுரும்."

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி சொல்லிவிட்டாள்: "இவுகளா? தொட்டியில ரோசாச் செடி வைக்கணும்னாலே என்னையத்தான் கூப்புடுவாக."

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. என் எலும்பு ஒன்று எப்போதோ உடைந்திருக்கிறது, எனக்கே தெரியாது. கீழே விழுந்தேனா? சைக்கிளிலா? பிடரியைத் தடவித் தடவி யோசித்தேன். ஞாபகத்தில் எதுவும் கிடைக்கவில்லை.

சேதி கேள்விப்பட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வந்தன. வந்தவர்கள் எல்லோரும் என் படத்தைத்தான் கேட்டார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நுனி எலும்பைக் காட்டினால், "யம்மாடி" என்று வாயில் கை வைத்தார்கள். நான் அதற்குள் கால் மேல் கால் போட்டு உட்காரும் அளவுக்கு நன்றாகிவிட்டேன். அவளோ சுவரில் சாய்ந்தபடி, வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்க எழ முயன்றுகொண்டிருந்தாள். "உங்களுக்கு எக்ஸ்ரேல ஒண்ணுமில்லையாமே, கர்த்தர் காப்பாத்துனாரு" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் அலுவலகத்திலும் அதே பேச்சு. படம் நார்மல் என்று எழுதியிருக்கும்போது எதற்கு இத்தனை நாள் விடுப்பு?

ஒருநாள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த உடஞ்ச எலும்பக் கொஞ்சம் குடுங்க. நானும் ஆபீஸ்ல காட்டிட்டுக் கொண்டாந்து தாரேன்."

எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவள் கண் கலங்கியிருந்தது. அதன் பிறகு யார் படம் கேட்டாலும் நான் எடுத்துக் காட்டவில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல. இவளுக்குத்தான் முடியல" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். சமையலை நான் எடுத்துக்கொண்டேன். ரசம் மட்டும் தேறியது.

அந்தச் சமயத்தில்தான் கடமலைக்குண்டிலிருந்து என் அக்கா வந்தாள். எங்கள் பிறந்த வீடு அங்கேதான். அவளும் பக்கத்துத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். முருங்கைக்காயும் தேங்காயுமாக ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, முதலில் என் மனைவியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம், "உனக்கும் என்னமோ உடஞ்சிருக்காமே, எங்கன?" என்றாள். அக்காவிடம் மறுக்க முடியாது. படத்தை எடுத்தேன். நுனி எலும்பைக் காட்டினேன். பழைய முறிவு, எப்போது என்று தெரியவில்லை, மண் அள்ளினால் வருமாம் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

அக்கா படத்தைக் கீழே வைத்தாள்.

"ஏலே, இது நம்ம கெணத்துல ஆனதுடா."

"எந்தக் கெணத்துல?"

"நம்ம தோட்டத்துக் கெணறுதான். நீ பன்னண்டாப்பு முடிச்ச வருசம் அப்பா தூரு எடுத்தாகல்ல? ஆளு ஒருத்தன் வரலன்னு ஒன்னைய எறக்கி விட்டாக. சேறள்ளி மேல வீசுனப்ப டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னியே. கைய மேல தூக்க முடியாம, கழுத்தத் திருப்ப முடியாம, இந்தா இவ இப்ப இருக்காளே, அப்படித்தான் கெடந்த. நாந்தான் ஒனக்குத் தவுட்டுச் சூடு ஒத்தடம் குடுத்தேன்."

"அக்கா, அப்ப எனக்குக் காய்ச்சல்ல வந்துச்சு?"

"காய்ச்சலா? ஒனக்கு எங்கன வந்துச்சு காய்ச்சலு? மாதா மேல சத்தியமாச் சொல்றேன், ஒடம்பு சுடவே இல்ல."

இதை நான் விளக்கியாக வேண்டும். அந்தக் கோடையில் என் சிநேகிதர்கள் சிலர் ராணுவத்துக்கு ஆளெடுப்பு என்று மதுரைக்குப் போனார்கள். நானும் போவதாக இருந்தது. போகவில்லை. அவர்களில் ஓரிருவர் தேர்வாகிப் பட்டாளத்துக்குப் போனார்கள். நான் கல்லூரியில் சேர்ந்து வாத்தியாரானேன். ஏன் போகவில்லை என்று யார் கேட்டாலும், கடுங்காய்ச்சல் என்று சொல்லி வந்திருக்கிறேன். மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன், மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். கல்யாணமான புதிதில் அவளிடம், கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்ததாகவே விவரித்திருக்கிறேன். அந்தக் கம்பளியின் சிவப்புக் கட்டங்கள்கூட என் கண்ணில் நிற்கின்றன.

"கம்பளி ஏது நம்ம வீட்டுல?" என்றாள் அக்கா.

பிறகுதான் அவள் மீதியைச் சொன்னாள். அம்மா அப்போது ஊரில் இல்லை. சித்தியின் பிரசவத்துக்காக உசிலம்பட்டிக்குப் போயிருந்தாள். படிக்கிற பிள்ளையைக் கிணற்றில் இறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனாளாம். அம்மா திரும்பி வருகிற அன்று காலையில் அப்பா எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "அம்மா கேட்டா காய்ச்சல்னு சொல்லுங்க" என்றிருக்கிறார். "அப்பாவுக்கு அம்மான்னா அம்புட்டு பயம். நானும் சொன்னேன், நீயும் சொன்ன. அம்மா ஒனக்குக் கசாயம் வச்சுக் குடுத்தாக, நீயும் முழுசாக் குடிச்ச."

என் மனைவி சத்தம் போட்டுச் சிரிக்கப் போய், கழுத்து இழுத்துக்கொண்டு, "ஐயோ அண்ணி, சிரிக்க வைக்காதீக" என்று கெஞ்சினாள். நான் கசாயத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. கசாயத்தின் கசப்பைப் பிடித்துக்கொண்டு மீதிக் காய்ச்சலை நானே கட்டிக்கொண்டேனோ என்னவோ. அம்மாவுக்காகச் சொன்ன பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லி, எனக்கே அது நடந்ததாகிவிட்டது. அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. அக்காவுக்கும் இந்தப் படம் இல்லையென்றால் அந்தப் பேச்சை எடுக்கக் காரணம் இருந்திருக்காது.

அன்றிலிருந்து நான் என்னுடைய மற்ற ஞாபகங்களையும் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தேன். வருத்தமாக இல்லை. புதிதாக ஒரு விளையாட்டு கிடைத்த மாதிரி இருந்தது. அக்காவுக்குப் போன் போட்டு, இது நடந்ததா, அது நடந்ததா என்று கேட்பேன். "வேல இல்லையாலே ஒனக்கு?" என்று அவள் திட்டுவாள். ஆனாலும் பதில் சொல்லாமல் வைக்க மாட்டாள்.

என் மனைவிக்குக் குணமாக நாள் பிடித்தது. காலர் அணிந்து அசையாமல் கிடப்பதை டாக்டர் விரும்பவில்லை. வலி பொறுக்கிற அளவுக்குள் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். காலையும் மாலையும் அவள் பயிற்சி செய்யும்போது நான் எதிரே சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, எதுவரை மூக்கு வருகிறது என்று பார்த்துச் சொல்வேன். சில நாள் முன்னேறும், சில நாள் பின்னால் போகும். பின்னால் போன நாட்களில் அவள் என்னோடு பேசமாட்டாள். திராட்சைக் கொடிகளை வெட்டிவிடும் கவாத்து தொடங்கிய பருவத்தில், எப்போதும் போல ஜீப்பைப் பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டு தோட்டங்களுக்குப் போகிற அளவுக்குத் தேறிவிட்டாள். மழை நாட்களில் மட்டும் இடது தோளைத் தேய்த்துக்கொள்கிறாள்.

கடைசி முறை டாக்டரைப் பார்க்கப் போனபோது கிணற்றுக் கதையை அவரிடம் சொன்னேன். வெளியே ஆட்கள் காத்திருந்தும் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். "அப்ப அந்தக் கெணத்துலதான் ஒடஞ்சுதுன்னு வச்சுக்கலாமா டாக்டர்?" என்றேன்.

"பொருந்துது சார். சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன். தேதி போட்டு உடையிறதில்ல எலும்பு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சார், அந்தக் கெணத்துல தண்ணி வந்துச்சா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன்.

"வந்துச்சே" என்றாள் அக்கா. "நீ படுத்துக் கெடந்தப்பதான் ஊத்து தொறந்துச்சு. அப்பா ஒரு சொம்புல மொண்டாந்து ஒனக்குத்தான் மொதல்ல குடுத்தாக. அதும் ஞாபகம் இல்லையாலே?"

இல்லை என்றேன். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினார்.